கண்ணாடி டாக்டரின் காரும் வீரையா மச்சானின் தோளும்

"பின்னாடி திரும்பிப் பாக்காதடா" என்றாள் அக்கா.

திரும்பும் யோசனையே எனக்கு இல்லை. தோளில் செம்பனைக் கம்பு இருந்தது. எண்ணெய்ப் பனையின் உயரத்தில் இருக்கும் குலையை வெட்டுகிற அலுமினியக் கம்பு. ஒன்றுக்குள் ஒன்றாக அடக்கினாலும் ஒரு சின்ன லோரியின் நீளம் இருக்கும். அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஈப்போ நடைபாதையில் திரும்பினால் முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் அடி வாங்குவார்கள். அன்றைக்கு ஏற்கெனவே ஒரு காரை அடித்தாகிவிட்டது. ஒன்று போதும்.

அந்தக் கார் எங்களுக்குப் பின்னால், ஓர் அரசாங்க ஆபீசின் வாசலில், பெயர்ப்பலகை வைத்த இடத்தில், கூரை நசுங்கி நின்றது. எங்களுக்கு முன்னால், நான் தங்கியிருந்த புந்தோங் வரைக்கும் வெயில்.

வீரையா மச்சான் சற்று முன்னே நடந்துகொண்டிருந்தார். என் அக்கா பார்வதியின் கணவர். சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். வலது முழங்கையை இடது கையால் தாங்கியபடி, கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுபோகிறவர்போல் சிந்தாமல் நடந்தார். அந்த வலது தோளுக்காகத்தான் நாங்கள் அந்த ஆபீசுக்குப் போயிருந்தோம்.

"போலீஸ் வருமாடா தம்பி?"

"காடி நசுங்குனதுக்கெல்லாம் போலீஸ் வராதுக்கா. இன்சூரன்ஸ்தான் வரும்."

"அது எப்படி இருக்கும்?"

"டை கட்டிக்கிட்டு வரும்."

பஸ் ஒன்று வந்தது. டிரைவர் கம்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், நாங்கள் கை காட்டுவதற்குள் கதவை மூடினார். காலையில் ஆபீசுக்குக் கொண்டுவந்து விட்ட காய்கறி லோரி எப்போதோ திரும்பிப் போயிருந்தது. நடந்தோம்.

குனிந்தவர்கள் நிமிர்ந்த கதை

ஆபீசின் பெயர் வேண்டாம். வேலை செய்து உடம்பு கெட்டவர்களைப் பரிசோதித்து, இவனுக்குப் பென்சன் கொடுக்கலாம், இவன் இன்னும் உழைக்கலாம் என்று பிரிக்கிற ஆபீஸ் என்றால் போதும். எனக்கு அங்கே இன்னும் போய்வர வேண்டியிருக்கிறது.

நாங்கள் பிறந்தபோது எங்கள் தோட்டம் ரப்பர்ப் பால்மரத் தோட்டம். பிறகு செம்பனைக்கு மரத்தை மாற்றினார்கள், ஆளை மாற்றவில்லை. குனிந்து வெட்டிய கூட்டம் நிமிர்ந்து வெட்ட ஆரம்பித்தது. முதுகு போனவர்களின் பிள்ளைகளுக்குத் தோள் போனது. முன்னேற்றம் என்று சொல்லலாம், உறுப்பு மேலே ஏறியிருக்கிறது.

மச்சானின் தோள் எப்போது போனது என்று நாள் சொல்ல முடியாது. தேய்ந்து போனது. முதலில் சட்டை மாட்ட முடியவில்லை. பிறகு தலை வாருவதற்கு அக்கா வேண்டியிருந்தது. அதோடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அக்காவின் நச்சரிப்பு தாங்காமல்தான் அந்த ஆபீசின் மருத்துவ போர்டுக்குப் போனார். தனியாகப் போனார். உள்ளே நடந்ததை அவர் சொன்னதே நாலு வரி. ஏர்கோன் அறை. தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட டாக்டர் ஒருவர்தான் தலைவர். "போலே அங்காட் தாஙான்?" என்று மலாயில் கேட்டார். கையைத் தூக்க முடியுமா?

மச்சான் "போலே, டாக்டர்" என்றார். முடியும் என்றார். சொன்னதோடு விடாமல், இடது கையை வலது முழங்கைக்கு அடியில் கொடுத்து, கைகட்டி நிற்பவர்போலச் சிரித்துக்கொண்டே தூக்கியும் காட்டியிருக்கிறார்.

வேலை செய்ய முடியுமா என்று அடுத்த கேள்வி. அதற்கும் "போலே." எழுந்து வரும்போது நன்றியும் சொல்லியிருக்கிறார்.

உழைக்கத் தகுதியானவர் என்று முடிவு வந்தது.

"கேட்டா போலேன்னு சொல்லிருவீங்களா? உங்க கை எனக்கில்ல தெரியும்?" என்று அக்கா கத்தினாள்.

"மரியாதையா கேட்டாங்க பார்வதி. தாக் போலே, முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

குலை வெட்டும் காண்ட்ராக்டர் நல்ல மனிதர். சுருக்கமாகப் பேசுவார். "கவர்மெண்டே போலேன்னு சொல்லிருச்சு, நான் யாருலா? திங்கக்கிழம வா. இல்லன்னா வீட்டுச் சாவியக் குடு." தோட்டத்து வீடு உழைக்கிறவனுக்கு மட்டும்தான். கை இல்லாவிட்டால் கூரை இல்லை.

மச்சான் போனார். சில நாட்களிலேயே கம்பு கையைவிட்டு நழுவியது. கீழே பங்களாதேஷ்காரர் ஒருவர் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். கம்பின் நுனியில் இருந்த அரிவாள் அவர் பாதத்துக்குப் பக்கத்தில் மண்ணில் செருகி நின்றது. அந்த மனிதர் திட்டவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். மச்சானும் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் ஒரே போத்தலில் தண்ணீர் குடித்தார்களாம். மச்சான் அன்று சோறு சாப்பிடவில்லை. மறுநாளும் வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகுதான் அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"தம்பி, இந்த மனுசன் யாரையாச்சும் கொன்னுட்டு வந்து, போலேன்னு சொல்லப் போறாரு."

ஒரு காய்ச்சலுக்கா?

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இந்த 'போலே' விளங்காது. சொல்லிவிடுகிறேன்.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்போம். மேஸ்திரியான மண்டோர் பெயரைக் கூப்பிட்டு, டார்ச்சை முகத்தில் அடித்து, ஒரே ஒரு கேள்வி கேட்பார். "போலே?" பதிலும் ஒன்றுதான். யோசிக்கிறவனின் பெயரைத் தாண்டி டார்ச் அடுத்த முகத்துக்குப் போய்விடும். அன்றைக்கு அவனுக்கு வேலை இல்லை.

ஆகவே 'போலே' என்பது உடம்பைப் பற்றிய செய்தி அல்ல. நான் இங்கேதான் நிற்கிறேன், என்னைத் தாண்டிப் போகாதே என்று அர்த்தம். காலில் கட்டுப் போட்டவரும் போலே, மூச்சு இரைக்கிறவரும் போலே. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் மச்சானின் காலில் மரப்பு ஊசி போடாமல் தையல் போட்டபோது வலிக்கிறதா என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு "போலே, போலே" என்றார் மச்சான். அவர் கல்யாணத்தில் ஐயர் கொஞ்சம் நகர்ந்து உட்கார முடியுமா என்று கேட்டதற்கும் அதே பதில். ஐயரும் சுங்காய்க்காரர், புரிந்துகொண்டார்.

நான் ஒரு முறை "தாக் போலே" சொன்னவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுத் தோட்டத்தில் சேர்ந்த புதிது. கடும் காய்ச்சல். முடியாது என்றேன். டார்ச் அடுத்த முகத்துக்குப் போனது. மறுநாள் காய்ச்சல் விட்டது, டார்ச் என்னிடம் திரும்பவில்லை. அடுத்த வாரமும் திரும்பவில்லை. மலிவான பை ஒன்றில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு கிளம்பினேன். அதற்குப் பிறகு நான் பார்த்த வேலைகளை, பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரை வாசிப்பவர்கள் என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

மீன்பிடி ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் ஐஸ் பெட்டி தூக்கிய கதை வெளிவந்த வாரம், காய்கறிப் பாசாரில் ஒரு பெண்மணி என்னை மறித்தார். "ஏங்க, ஒரு வேலையிலயும் நிலைக்க மாட்டீங்களா?" காய்ச்சல் கதையைச் சொன்னேன். "ஒரு காய்ச்சலுக்கா?" என்றார். பிறகு கையிலிருந்த கத்தரிக்காயைக் காட்டி இது முற்றலா என்று கேட்டார். முற்றல்தான். சொன்னேன்.

கமால் பாயின் காலண்டர்

அக்கா போன் செய்தபோது நான் புந்தோங்கில் கமால் பாயின் சாப்பாட்டுக் கடையில் இருந்தேன். காலையில் ரொட்டி வீசுவேன், மத்தியானம் தட்டுக் கழுவுவேன். விஷயத்தைப் பாயிடம் சொன்னேன்.

"அப்பீல் இருக்குலா மாணி" என்றார். "ஆபீஸ் டாக்டர் சொன்னது முடிவில்ல. அப்பீல் போர்டுன்னு ஒண்ணு இருக்கு. அந்த ஆபீஸ் ஆளுங்க இல்ல, வெளி டாக்டருங்க வந்து உக்காருவாங்க. இவன் சொன்னது சரியான்னு பாப்பாங்க."

"தப்புன்னு சொன்னா இவங்க திருந்துவாங்களா பாய்?"

பாய் சுவரைக் காட்டினார். சுவரில் பெரிய காலண்டர் தொங்கியது.

அந்தக் காலண்டருக்கு ஒரு கதை உண்டு. முன்பு ஒரு தடவை நகராண்மைக் கழகத்திலிருந்து சுகாதாரப் பரிசோதகர் வந்து கடையைச் சுற்றிப் பார்த்து, பின்பக்கச் சாக்கடை சரியில்லை என்று 'பி' கிரேடு கொடுத்துவிட்டார். சான்றிதழைச் சுவரில் மாட்டியே ஆகவேண்டும். பாய் மாட்டினார். அதன்மேல் காலண்டரையும் மாட்டினார். அடுத்த தடவை வந்த பரிசோதகர் காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். பாய் இன்னும் பெரிய காலண்டர் வாங்கினார். அதற்கு அடுத்த தடவை, சாப்பிட வந்த ஒருவர் தேதி பார்க்கத் தூக்கி, உள்ளே இருந்ததை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் பாய் ஆள் வைத்துச் சாக்கடையைச் சரிசெய்தார். எலிகள் பக்கத்துக் கடைக்குப் போயின. பக்கத்துக் கடைக்காரர் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை.

"எல்லா ஆபீசும் என் கட மாதிரிதான்" என்றார் பாய். "மொதல்ல காலண்டர். அப்புறம்தான் சாக்கட. ஆனா ஒருத்தன் வந்து தூக்கிப் பாக்காம சாக்கட சரியாகாது. நீ அப்பீல் போடு."

போட்டோம். வருவதற்கு ஒரு நாள் குறித்தார்கள். கூடவே, ஆதரவாக ஏதேனும் இருந்தால் கொண்டுவரலாம் என்றும் சொன்னார்கள். எங்களிடம் பெரிய ஆஸ்பத்திரி எக்ஸ்ரே படமோ ஸ்பெஷலிஸ்ட் சீட்டோ எதுவும் இல்லை. அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"கம்பக் கொண்டுபோலாம்" என்றாள்.

"எதுக்குக்கா?"

"இவரு வாய் போலேங்கும். இடது கை வலது கையத் தூக்கிவிடும். கம்பப் பிடிக்கணும்னா ரெண்டு கையும் வேணும்ல? அப்ப யாரு யாரைத் தூக்குவாங்க?"

பறக்க முடியுமா?

ஆபீஸ் வாசலில் காவலுக்கு இருந்தவர் ஒரு மலாய்ப் பெரியவர். கம்பைப் பார்த்து, மீன் பிடிக்கவா என்று கேட்டார்.

"ஆமா பாக்சிக். பெரிய மீன்."

அரிவாளை மட்டும் கழற்றி வாங்கி, பேப்பரில் சுற்றி, மேசை டிராயரில் தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். கம்பு மின்தூக்கிக்குள் போகவில்லை. படிக்கட்டிலும் திரும்பவில்லை. கார் நிறுத்துகிற இடத்தில் சுவரில் சாய்த்துவிட்டு மேலே போனோம்.

உள்ளே வெளி டாக்டர்கள் மூவர். நடுவில் சீன அம்மா ஒருவர், வெட்டிவிட்ட வெள்ளை முடி, காலில் விளையாட்டுச் சப்பாத்து. ஓரத்தில் ஆபீஸ் தரப்பில் புவான் ரொஹானா, அதாவது திருமதி ரொஹானா, என்கிற அதிகாரி உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்க முடியும் என்று இவரே சொன்னார், தூக்கியும் காட்டினார், வேலை செய்ய முடியும் என்றும் இவரே சொன்னார் என்று கோப்பிலிருந்து படித்தார். படித்ததில் பொய் ஒன்றும் இல்லை.

டாக்டர் அம்மா மச்சானைப் பார்த்து மலாயில் கேட்டார். "என்சே வீரையா, போலே அங்காட் தாஙான்?"

மச்சானின் இடது கை புறப்பட்டுவிட்டது.

"போலே, டாக்டர்."

பின்னால் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நான் எழுந்துவிட்டேன்.

"டாக்டர், இவர்கிட்ட போலேயான்னு மட்டும் கேக்காதீங்க. எதைக் கேட்டாலும் போலேம்பாரு."

"நீங்கள் யார்?"

"இவர் மனைவியோட தம்பி."

"அது தெரிகிறது. ஒரே மூக்கு. எதைக் கேட்டாலுமா?"

"பறக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க."

வெளியே தள்ளப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். டாக்டர் அம்மா பேனாவை மேசையில் வைத்தார். "என்சே வீரையா," என்றார், அதே குரலில், "போலே தெர்பாங்?"

மச்சான் ஜன்னலைப் பார்த்தார். யோசித்தார்.

"முயற்சி பண்றேன் டாக்டர்" என்றார்.

புவான் ரொஹானா கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கோப்பு குலுங்கியது. டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. "முதல் போர்டிலும் இதே மாதிரிதான் பதில் சொன்னாரா?" என்று கேட்டார். கோப்பு கீழே இறங்கியது. "ஆமாம் டாக்டர். இரண்டு தடவை." புவான் ரொஹானாவின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"வேலை என்ன?"

"குலை வெட்டுறது, டாக்டர்."

"எதைக் கொண்டு வெட்டுகிறீர்கள்?"

"கம்பு கீழ இருக்கு" என்றாள் அக்கா.

எல்லோரும் கீழே போனோம். வேலியோரம் ஒரு தென்னை நின்றது. கம்பை இழுத்து நீட்டி மச்சான் கையில் கொடுத்தேன். டாக்டர் அம்மா போலேயா என்று கேட்கவில்லை. "காட்டுங்கள்" என்றார்.

மச்சான் இரண்டு கையாலும் பிடித்தார். கம்பு எழுந்தது. இடது கை தலைக்கு மேலே போனது. வலது கை நெஞ்சு வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிட்டது. யாரோ கயிறு கட்டி இழுத்துப் பிடித்ததுபோல. நெற்றி நரம்பு புடைத்தது. உதட்டில் மட்டும் சிரிப்பு அப்படியே இருந்தது. அது பெரட்டுக் களத்துச் சிரிப்பு. நான் அதைப் பல விடியல்களில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறேன்.

கம்பின் நுனி ஆட ஆரம்பித்தது.

"விட்டுருங்க மச்சான்!"

விடவில்லை. டாக்டர் அம்மா "சுக்கூப்! போதும்!" என்று கத்தினார். அந்த நேரம் பார்த்து, என்ன கூட்டம் என்று பார்க்க, கையில் தேத்தண்ணிக் கிளாசோடு வெளியே வந்தார் தங்க ஃபிரேம் டாக்டர். கம்பு அவர் பக்கம் ஒரு தடவை சாய்ந்து, மனசு மாறி, பெயர்ப்பலகை வைத்த இடத்தில் நின்ற அவருடைய வெள்ளைக் கார்மேல் விழுந்தது. தகரக் கூரையில் பலாப்பழம் விழுந்த சத்தம்.

கார்தான் முதலில் கத்தியது. கத்திக்கொண்டே இருந்தது.

மச்சான் கண்ணாடி டாக்டரைப் பார்த்து, "மாஃப் டாக்டர், மன்னிச்சிருங்க. நானே தட்டிச் சரி பண்ணிடுறேன். போலே" என்றார்.

டாக்டர் அம்மா மச்சானின் தோளில் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். மச்சான் "ஆ" என்றார். தையல் போட்டபோதுகூட வராத சத்தம் அது. அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்கள் போகலாம்" என்றார் டாக்டர் அம்மா. "முடிவைப் பிறகு சொல்வோம்."

கார் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. நான் கம்பை அடக்கித் தோளில் வைத்தேன். நடந்தோம். டிராயரில் இருந்த அரிவாள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நடு ரோட்டில்

"கம்பு யோசனை என்னோடது" என்றாள் அக்கா. "ஜெயிலுன்னா நான் போறேன். அங்க எவனும் வந்து சாவியக் குடுன்னு கேக்க மாட்டான்."

"அந்த டாக்டர் மூஞ்சியப் பாத்தியா பார்வதி?" என்றார் மச்சான். "பாவம். புதுக் காடி."

பதில் சொல்லாத அக்காவோடு நடப்பது கம்போடு நடப்பதைவிடக் கஷ்டம்.

ரயில் பாதையைத் தாண்டும்போது என் வலது தோள் எரிய ஆரம்பித்தது. இடதுக்கு மாற்றினேன். அதுவும் எரிந்தது. மச்சான் நின்று திரும்பினார்.

"குடுடா மாணி. கொஞ்ச தூரம் நான் தூக்குறேன். போலே."

அக்கா நடு ரோட்டில் நின்றுவிட்டாள்.

"இன்னொரு தடவ அந்த வார்த்தையச் சொன்னீங்க, நான் இப்பிடியே ரயில்ல விழுந்துருவேன்! திங்கக்கிழம மரத்துக்கடியில யாரு நிப்பான்னு யோசிச்சீங்களா? அவனுக்கும் ஊர்ல ஒருத்தி இருப்பால்ல!"

மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் பிரேக் போட்டு, எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். மச்சான் தலை குனிந்தார். "முடியலதான்" என்றார். தமிழில் சொன்னார். ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

புந்தோங்கில் கச்சாங் பூத்தே கடலை வறுக்கிற வாசம் வந்ததும்தான் மூவருக்கும் பசி தெரிந்தது. கமால் பாய் கம்பைப் பார்த்து, "என்னா மாணி, கொடி ஏத்தப் போறியா?" என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"கார் யாரோடது?"

"மொத போர்டு டாக்டரோடது."

பாய் கல்லாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எனக்குப் பரிசோதகர் கிரேடச் சுவத்துலதான் ஒட்டுனாரு. நீங்க அவனுக்குக் கூரையிலயே ஒட்டிட்டீங்களே!"

அக்காவும் மச்சானும் என் அறையில் தங்கினார்கள். நான் கடையில் மாவு மூட்டைகளோடு படுத்தேன். கையைத் தலைக்குக் கீழே வைக்க முடியவில்லை.

ஆரஞ்சுக் கூம்புகள்

காலையில் நான் முதல் ரொட்டியைக் கல்லில் போட்டபோது போன் வந்தது. புவான் ரொஹானா. உடனே வர வேண்டும் என்றார். கம்பையும் கொண்டுவர வேண்டும் என்றார்.

"கம்ப ஏன் கேக்குறாங்க? அது சாட்சியாச்சே" என்றாள் அக்கா. "ஆத்துல போட்டுட்டு வந்துட்டோம்னு சொல்லு."

"வக்கீல் வேணுமாலா?" என்றார் பாய். "என் மச்சினன் பையன் இருக்கான். வீடு விக்கிற வக்கீல்தான், ஆனா கோட் இருக்கு."

மச்சான் தானும் வருவதாகச் சொல்லிச் சட்டையை எடுத்தார். அக்கா சட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். நான் தனியாகப் போனேன், மறுபடியும் கம்போடு.

ஆபீஸ் வாசலில் வெள்ளைக் கார் இல்லை. அது நின்ற இடத்தைச் சுற்றி ஆரஞ்சுக் கூம்புகள் வைத்திருந்தார்கள். இங்கே வண்டி நிறுத்தாதீர்கள் என்று ஒரு புதுத் தாள், பிளாஸ்டிக் உறை போட்டு, பெயர்ப்பலகைமேல் ஒட்டியிருந்தது. பாயின் காலண்டர் ஞாபகம் வந்தது. ஓர் அரசாங்கம் பாடம் கற்கிறபோது முதலில் காரை நகர்த்தும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

காவல்கார பாக்சிக் அரிவாளை எடுத்துக் கொடுத்தார். சம்பல் வாசம் அடித்தது.

புவான் ரொஹானா வேகமாக இறங்கி வந்தார். நான் காரைப் பற்றி ஆரம்பித்தேன்.

"அது காரின் விஷயம். எனக்குத் தெரியாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கள் மச்சானின் அப்பீல் ஜெயித்துவிட்டது. பென்சன் உண்டு. கடிதம் வழக்கம்போல மெதுவாக வரும். ஆனால் இதை நான் உங்களிடம் சொல்லவில்லை."

கம்பைச் சுவரில் சாய்த்தேன்.

அவர் நிற்காமல் பேசினார். நேற்று நாங்கள் போன பிறகு டாக்டர் அம்மா வீட்டுக்குப் போகவில்லையாம். முடிவை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. தோட்டத்து ஆட்கள் முதல் போர்டில் என்னென்ன சொன்னார்கள் என்று எடுத்து வரச் சொல்லிப் படித்தாராம். எல்லாரும் போலே. ஒருவர் விடாமல் போலே. "எல்லாரும் ஒரே பதில் சொன்னால் கேள்வியைத்தான் பரிசோதிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். இனிமேல் முதல் போர்டே வேலையைச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டுமாம்.

"இன்றைக்கே தோட்டத்து ஆட்கள் வருகிறார்கள்" என்றார் புவான் ரொஹானா. "எங்களிடம் கம்பு இல்லை. வாங்க வேண்டும் என்றால் மூன்று கடையில் விலைப்பட்டியல் வாங்கி மேலே அனுப்ப வேண்டும். மேலே போனது எப்போது கீழே வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கார் நிறுத்துகிற இடம் என் பொறுப்பு. துப்புரவு காண்ட்ராக்டரும் என் பொறுப்பு. அவர் கணக்கில் உங்களை ஒரு நாள் ஆளாகப் போடலாம். கம்பைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். யார் கையிலிருந்தாவது நழுவினால், விழுவதற்குள் பிடிக்க வேண்டும்."

"கார்மேல விழாம."

"ஆள்மேல் விழாமல்" என்றார் அவர்.

அக்காவுக்குப் போன் செய்தேன். சொன்னேன். அந்தப் பக்கம் பாயின் கடையில் ரொட்டி பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மச்சானின் குரல்.

"அப்ப திங்கக்கிழம போவேணாமாடா?"

"வேணாம் மச்சான்."

"சாவி?"

"குடுத்துருங்க. இங்கயே வீடு பாக்கலாம்."

"அந்த பங்களாதேஷ்காரருக்கு நான் போன்ல சொல்லிடுறேன்" என்றார்.

முதல் ஆள் வந்தார். சுங்காய்க்கு அந்தப் பக்கத்துத் தோட்டம். இஸ்திரி போட்ட சட்டை, மச்சானின் வயது, உதட்டில் அதே சிரிப்பு. கண்ணாடி டாக்டர் குடை பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"போலே அங்..."

நிறுத்தினார். ஆரஞ்சுக் கூம்புகளைப் பார்த்தார். கம்பின் நுனியை அண்ணாந்து பார்த்தார். ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"காட்டுங்கள்" என்றார்.

அந்த மனிதர் கம்பை வாங்கினார். நான் கம்புக்குக் கீழே, அது சாயக்கூடிய பக்கத்தில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து புவான் ரொஹானா, மாதக் கடைசி வரைக்கும் வர முடியுமா என்று கேட்டார். கம்பைச் சுமந்து நடந்ததில் என் இரண்டு தோளும் அனலாக இருந்தன. நெற்றி வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். பாதிக்கு மேல் வரவில்லை.

"போலே, புவான்" என்றேன்.